அண்ணாச்சி கடைப் பிரின்டரும் பட்டியலில் இல்லாத சேவையும்

தாராவி தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடைக்கு ஜூன் மாதம்தான் சீசன். மகாராஷ்டிரத்தில் ஜூன் நடுவில் பள்ளிகள் திறக்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், விண்ணப்பப் படிவம் என்று கடை வாசலில் ஆள் நின்றுகொண்டே இருக்கும். அப்படியொரு வியாழக்கிழமை மாலையில்தான் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “தம்பி, ரெண்டு பிரின்டரும் ஒரே நேரத்துல செத்துப்போச்சு. நீ வந்து பாத்தாத்தான் உண்டு.”

என் அப்பாவும் அண்ணாச்சியும் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரே ஊர்க்காரர்கள். நான் செம்பூரில் குடியிருக்கிறேன். அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்புதான் என் வேலை. ஆகவே ஊர்க்காரர் கடையில் கணினி படுத்துவிட்டால் நான் போய் நிற்பதென்பது பேசி முடிவு செய்யாத ஓர் ஏற்பாடு. சயான் ஸ்டேஷனில் இறங்கி, முதல் மழைக்குக் குடை பிடித்தபடி கடைக்கு நடந்து சென்றபோது, இரண்டு பிரின்டர்கள் ஒரே நேரத்தில் சாவதில்லை, கோளாறு கணினியில்தான் இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அது விண்டோஸ் 10 ஓடும் பழைய அசெம்பிள் செய்த கணினி. 4 ஜிபி ராம், சுழலும் வகை ஹார்ட் டிஸ்க். ‘டிவைசஸ் அண்ட் பிரின்டர்ஸ்’ சாளரத்தைத் திறந்தேன். லேசர் பிரின்டரும் இல்லை, இங்க் டேங்க் பிரின்டரும் இல்லை. புதிதாகச் சேர்க்கப் போனால், அச்சு வேலைகளை வாங்கிப் பிரின்டருக்கு அனுப்பும் பிரின்ட் ஸ்பூலர் சேவை இயங்கவில்லை என்ற செய்தி வந்தது. நோய் எங்கே என்பது அத்துடன் தெரிந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான், கல்லாவுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றிருந்த அண்ணாச்சியின் அக்கா மகனைக் கேட்க வேண்டியிருந்தது.

கல்லூரியில் படிக்கும் அந்தப் பையன் மாலையில் கடையைப் பார்த்துக்கொள்கிறான். திங்கட்கிழமையிலிருந்தே பிரின்டர் அவ்வப்போது நின்றுபோயிருக்கிறது. கணினி மெதுவாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, தேவையற்ற பின்னணிச் சேவைகளையெல்லாம் அணைத்து விண்டோஸின் வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்ன ஒரு ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டியிருக்கிறான். கறுப்புச் சாளரத்தில் பச்சை எழுத்துகள் வரிவரியாக ஓடி முடிந்து, மறுபடி பூட் ஆனபோது பிரின்டர் அறவே போய்விட்டது. பயந்துபோனவன் சர்வீசஸ் சாளரத்தைத் திறந்து, ‘டிசேபிள்டு’ என்று கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றியிருக்கிறான். “எல்லாத்தையும் பழையபடி ஆன் பண்ணிட்டேன் அண்ணே, அப்பவும் வரலை” என்றான்.

பழையபடி என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல் இருந்தது. எல்லாவற்றையும் ‘ஆன்’ செய்வது பழைய நிலை அன்று. விண்டோஸின் இயல்பமைப்பு என்பது எல்லாம் ஓடும் நிலையும் அன்று, எல்லாம் அணைந்த நிலையும் அன்று. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்கப்பட்ட ஒரு நிலை உண்டு. அவற்றின் தொகுப்பைத்தான் நாம் டிஃபால்ட் என்கிறோம்.

பின்னணிச் சேவை என்பது சாளரம் எதுவும் காட்டாமல், யார் லாகின் செய்தாலும் செய்யாவிட்டாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரல். சேவை ஒவ்வொன்றுக்கும், விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் கிளையில், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட் ஆகியவற்றுக்குள் இருக்கும் சர்வீசஸ் என்ற பகுதியில் ஒரு தனி அறை உண்டு. அந்த அறைக்குள் ‘ஸ்டார்ட்’ என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். 0, 1 என்றால் அது பூட் ஆகும்போதே ஏறும் டிரைவர். 2 என்றால் ஆட்டோமேட்டிக். 3 என்றால் மேனுவல், அதாவது யாராவது கேட்டால் எழுந்திருப்பது. 4 என்றால் டிசேபிள்டு, யார் கேட்டாலும் எழாதது. பிரின்ட் ஸ்பூலருக்கு இயல்பான எண் 2. அந்தப் பையன் ஓட்டிய ஸ்கிரிப்ட் ஒவ்வோர் அறையாகப் போய் இந்த எண்ணை 4 ஆக்கியிருக்கிறது. புதிய எண் பழைய எண்ணின் மேலேயே எழுதப்படுகிறது. முன்பு என்ன எண் இருந்தது என்று அந்த அறை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சர்வீசஸ் சாளரத்தில் ‘இயல்புக்குத் திருப்பு’ என்ற பொத்தானும் கிடையாது. இத்தனை ஆண்டுகளாக விண்டோஸ் வைத்துக்கொண்டிருக்கும் குறைகளில் இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே வேலையை அவன் விண்டோஸுடனேயே வரும் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவி வழியாகச் செய்திருந்தால், அது அணைத்த சேவைகளின் பழைய எண்களை வேறோர் இடத்தில் குறித்து வைத்திருக்கும். ‘நார்மல் ஸ்டார்ட்அப்’ என்று தேர்ந்தெடுத்தால் அவை திரும்பியிருக்கும். ஸ்கிரிப்டுகளுக்கு அந்த நாகரிகம் தெரியாது.

சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்திருந்தால் ரெஜிஸ்ட்ரியையே திங்கட்கிழமை நிலைக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றைப் போலவே இதிலும் அந்த வசதி அணைந்தே கிடந்தது. அடுத்து அந்தப் பையன், “எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டச் சொல்லி எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே அண்ணே” என்றான். அவன் மனம் நோகக்கூடாது என்று அதை ஓடவிட்டு, அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த கட்டிங் சாயைக் குடித்தேன். அந்த ஹார்ட் டிஸ்க்கில் அது முடிவதற்குள் இரண்டாவது சாயும் வந்துவிட்டது. கோப்புகளில் பழுது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அந்தக் கருவி சரிபார்ப்பது விண்டோஸின் மூலக் கோப்புகளை. ஒரு சேவையின் தொடக்க எண் 2ஆ 4ஆ என்பது அதன் கவலையே அன்று. ஸ்பூலரின் கோப்பு சிஸ்டம்32 கோப்புறையில் குறையின்றிக் கிடக்கிறது. அதை எழுப்ப வேண்டியவர்தான் எழுப்பவில்லை.

பிறகு ஸ்பூலரின் மேல் வலச்சொடுக்கி ‘ஸ்டார்ட்’ கொடுத்தேன். பிழை 1068. இந்த எண் என்ன சொல்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சேவை டிசேபிள்டு ஆக இருந்தால் வருவது 1058. சேவையே பதிவில் இல்லை என்றால் 1060. கோப்பு கிடைக்கவில்லை என்றால் பிழை 2. 1068 என்றால், இந்தச் சேவை எதைச் சார்ந்திருக்கிறதோ அது எழவில்லை என்று பொருள். அந்தப் பையன் ஸ்பூலரை ஆட்டோமேட்டிக் ஆக்கியது சரியாகவே நடந்திருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது ஒன்று விழுந்து கிடக்கிறது.

ஸ்பூலரின் ‘டிபெண்டன்சீஸ்’ பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று ரிமோட் புரொசீஜர் கால், சுருக்கமாக ஆர்பிசி. அதன் தொடக்க வகையைச் சர்வீசஸ் சாளரத்தில் மாற்றவே முடியாதபடி விண்டோஸ் மங்கலாக்கி வைத்திருக்கிறது, அது ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஹெச்டிடிபி சர்வீஸ். அந்தப் பையன் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினான். “அப்படி ஒண்ணு இதுல இல்லவே இல்லையே அண்ணே.” உண்மைதான், இருக்காது. அது பெயரளவில் சேவையே ஒழிய, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் டிரைவர். சர்வீசஸ் சாளரம் டிரைவர்களைக் காட்டுவதில்லை. ரெஜிஸ்ட்ரியிலோ அதுவும் மற்ற சேவைகளுக்குப் பக்கத்திலேயே, அதே சர்வீசஸ் பகுதியில்தான் குடியிருக்கிறது. ஆகையால் ஸ்கிரிப்ட்டின் கைக்கு அது எட்டியது, அந்தப் பையனின் கண்ணுக்கு எட்டவில்லை.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சேவைகளைக் கையாளும் எஸ்சி என்ற கருவியிடம் ‘எஸ்சி கியூசி ஹெச்டிடிபி’ என்று கேட்டேன். வகை என்ற வரியில் கெர்னல் டிரைவர் என்றும், தொடக்க வகை என்ற வரியில் 4 டிசேபிள்டு என்றும் வந்தது. அதன் இயல்பான எண் 3. ‘எஸ்சி கான்ஃபிக் ஹெச்டிடிபி ஸ்டார்ட்= டிமாண்ட்’ என்று அடித்தேன். இதில் சமக்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி கட்டாயம் வேண்டும். அதை விட்டுவிட்டால், கட்டளையைப் பயன்படுத்தும் முறையைத் திரை நிறையக் காட்டிவிட்டு, செய்யச் சொன்னதைச் செய்யாமல் விட்டுவிடும். இந்த இடைவெளியால் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பையனும் இதே கருவியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறான் என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. அவனுடைய யூசர் கோப்புறையில் ‘கொயரி’ என்ற பெயரில், பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு கோப்பு கிடந்தது. நோட்பேடில் திறந்தால் ‘ஸ்பூலர்’ என்ற ஒரே சொல். கைப்பேசியில் பார்த்து, ஸ்பூலரின் நிலையைக் கேட்கும் எஸ்சி கட்டளையை அவன் நீல நிறப் பவர்ஷெல் சாளரத்தில் அடித்திருக்கிறான். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் ‘எஸ்சி’ என்பது ஒரு கோப்பில் எழுதும் கட்டளையின் சுருக்கப் பெயர். கேள்வி கேட்பதாக நினைத்து அவன் அடித்ததை, கோப்பில் எழுதச் சொல்வதாக அது எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. பதில் எதுவும் வராததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இவனும் நம்பியிருக்கிறான். முழுப் பெயராக ‘எஸ்சி டாட் எக்ஸி’ என்று கொடுத்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திராது.

ஹெச்டிடிபி எழுந்ததும் ஸ்பூலரும் எழுந்தது. இரண்டு பிரின்டர்களும் சாளரத்தில் வந்து உட்கார்ந்தன. ஆனால் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1068 என்று தேடுபவர்களுக்கு அடிக்கடி பரிந்துரைக்கப்படும் இன்னொரு வழி, ஸ்பூலர் ஆர்பிசியை மட்டும் சார்ந்தால் போதும் என்று அதன் சார்புப் பட்டியலையே மாற்றி எழுதிவிடுவது. பிரின்ட் வரும், அதில் பொய்யில்லை. மும்பைக்காரர்கள் இதற்கென்றே வைத்திருக்கும் சொல் ஜுகாட். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் நோயுற்றது ஹெச்டிடிபி, கத்தி வைக்கப்படுவதோ ஸ்பூலரின் மேல். ஹெச்டிடிபி அணைந்தே கிடக்க, நெட்வொர்க்கில் இருக்கும் சாதனங்களைக் கண்டுபிடித்துத் தரும் எஸ்எஸ்டிபி டிஸ்கவரி போல அதைச் சார்ந்த வேறு சேவைகள் பின்னொரு நாள் விழும். அப்போது வந்து பார்ப்பவருக்கு, யாரோ கை வைத்த ஸ்பூலரும் சேர்ந்து குழப்பத்தைத்தான் கொடுக்கும். மீட்டமைப்பு என்று சொன்னால் மாற்றப்பட்டதைத்தான் திருப்ப வேண்டும். மாற்றப்படாத இன்னொன்றை அதற்கு ஏற்றாற்போல் வளைப்பது மீட்டமைப்பு ஆகாது.

ஸ்பூலர் மட்டும் எழுந்துவிட்டால் அண்ணாச்சிக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. ஸ்கிரிப்ட் 4 ஆக்கியவற்றில் எவையெவை இன்னும் அப்படியே கிடக்கின்றன, அந்தப் பையன் 2 ஆக்கியவற்றில் எவையெவை அப்படி இருக்கக் கூடாதவை என்பது தெரியாமல் அந்தக் கணினியை விட்டுவர மனம் ஒப்பவில்லை. நல்லவேளையாக என் மடிக்கணினியிலும் அதே விண்டோஸ் 10, அதே 22ஹெச்2 பதிப்பு. இரண்டிலும் சேவைகளின் பெயரையும் தொடக்க வகையையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதவைத்து, இரண்டு கோப்புகளையும் ‘எஃப்சி’ கட்டளையால் ஒப்பிட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் வேறுபட்டன. அவற்றில் கொஞ்சம் வெறும் சத்தம்: பெயரின் வாலில் அடிக்கோடும் சில எழுத்துகளும் ஒட்டியிருக்கும் சேவைகள் லாகின் செய்யும் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக உருவாக்கப்படுபவை என்பதால், அந்த வால் கணினிக்குக் கணினி மாறும். அவற்றைத் தள்ளிவிட்டு மீதியைப் பார்த்தேன்.

ரிமோட் ரெஜிஸ்ட்ரி ஆட்டோமேட்டிக் ஆக இருந்தது. வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக இந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியைத் தொட வழிசெய்யும் சேவை அது. விண்டோஸ் 10இல் இயல்பாகவே டிசேபிள்டு. ரவுட்டிங் அண்ட் ரிமோட் அக்செஸ் என்பதும் அப்படித்தான். அதுவும் ஆட்டோமேட்டிக் ஆகியிருந்தது. ஸ்கிரிப்ட் இவற்றைத் தொட்டிருக்கவே வாய்ப்பில்லை, இவை பிறந்ததிலிருந்தே 4. பதற்றத்தில் அந்தப் பையன் திறந்துவைத்த கதவுகள் இவை. வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் டெஸ்க்டாப்பிலேயே குவிந்து கிடக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில், பிரின்டர் ஓடாததைவிட எனக்குக் கவலை தந்தது இதுதான்.

மேனுவல் என்பதைப் பற்றியும் அவனுக்கு ஒரு தவறான எண்ணம் இருந்தது. மேனுவல் என்றால் நாம்தான் கையால் தொடங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். பல சேவைகளுக்கு அருகில் ‘மேனுவல், ட்ரிகர் ஸ்டார்ட்’ என்று எழுதியிருக்கும். ஒரு சாதனம் செருகப்பட்டாலோ நெட்வொர்க் கிடைத்தாலோ விண்டோஸே அவற்றை எழுப்பும், வேலை முடிந்ததும் அவை படுத்துவிடும். விண்டோஸ் அப்டேட் சேவை அந்த வகைதான். பட்டியலில் அது சும்மா நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று ஆட்டோமேட்டிக் ஆக்குபவர்கள் நிறையப் பேர். அதேபோல விண்டோஸ் சர்ச் போன்ற சிலவற்றுக்கு இயல்பு, தாமதித்துத் தொடங்கும் ஆட்டோமேட்டிக். ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் அவற்றுக்கும் எண் 2தான். தாமதம் என்பது பக்கத்தில் இருக்கும் தனிக் குறிப்பு. பூட் ஆன உடனே எல்லாரும் ஒரே வாசலில் முட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்தப் பையன் சாளரத்தில் வெறும் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தாமதமும் போயிற்று. வேகத்துக்காகத் தொடங்கிய வேலை, சுழலும் டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் கொண்ட அந்தக் கணினியை முன்பைவிட மந்தமாக்கிவிட்டிருந்தது.

ஒவ்வொன்றாகக் கையால்தான் திருப்பினேன். என் மடிக்கணினியின் சர்வீசஸ் பகுதி முழுவதையும் ஏற்றுமதி செய்து அங்கே இறக்கிவிட்டால் ஒரே நொடியில் முடியுமே என்று அந்தப் பையன் கேட்டான். அந்தப் பகுதியில் சேவைகள் மட்டும் இல்லை, டிஸ்க் முதல் சவுண்ட் கார்டு வரையிலான டிரைவர்களும் இருக்கின்றன. என் கணினியின் டிஸ்க் டிரைவர் அமைப்பைக் கொண்டுபோய் அண்ணாச்சியின் கணினியில் திணித்தால் அடுத்த முறை அது பூட் ஆகாமலே போகக்கூடும். யாராவது ஒரு சேவையை அடியோடு நீக்கியிருந்தால், அதே பதிப்பு ஓடும் இன்னொரு கணினியிலிருந்து அந்த ஒரு சேவையின் அறையை மட்டும் ஏற்றுமதி செய்து கொண்டுவந்து, இறக்கிவிட்டு மறுபடி பூட் செய்யலாம். இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இந்த ஸ்பூலரோடு எனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு. 2021 ஜூலையில் ‘பிரின்ட்நைட்மேர்’ என்று பெயர்பெற்ற, ஸ்பூலரின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஸ்பூலரை நிறுத்தி டிசேபிள் செய்வதும் தற்காலிகப் பாதுகாப்பு வழிகளில் ஒன்று என்று மைக்ரோசாஃப்டே அறிவித்தது. ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்ட விண்டோஸ் 7க்கும்கூட அவசரத் திருத்தம் வெளியிட வேண்டிய அளவுக்கு அது பெரிய ஓட்டை. 2010இல் பேசப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பரவப் பயன்படுத்திய வழிகளிலும் இந்த ஸ்பூலரின் ஓட்டை ஒன்று இருந்தது. கணினியில் உச்ச அதிகாரமுள்ள லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடுவதால், இதில் விழும் ஓட்டை எதுவும் சின்னதாக இருப்பதில்லை. எங்கள் அலுவலகத்திலும் எல்லா இயந்திரங்களிலும் அதை அணைத்தோம். அப்போது எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்த காலம், யாருக்கும் பிரின்ட் தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 15இலிருந்து இரண்டு தடுப்பூசி போட்டவர்கள் லோக்கல் ரயிலில் ஏறலாம் என்று ஆனதும் ஒவ்வொருவராக அலுவலகம் வரத் தொடங்கினார்கள். பிரின்டர் வேலை செய்யவில்லை என்று புகார் மேல் புகார். திருத்தம் எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. அணைத்ததைத் திரும்பப் போட வேண்டும் என்பதைத்தான் எங்கும் எழுதி வைக்கவில்லை. கார்ட்ரிட்ஜ் காய்ந்துவிட்டது என்று ஒருவர் இரண்டு நாள் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அணைத்தது நான்தான் என்பது எனக்கே மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

கடைக்கு வருவோம். எல்லாவற்றையும் திருப்பி, மறுபடி பூட் செய்து, ஆதார் நகல் ஒன்றை அச்சிடக் கொடுத்தேன். லேசர் பிரின்டர் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிவிட்டது. சர்வீசஸ் சாளரத்தில் ஸ்பூலர் நின்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக எழுந்தது, மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது, மூன்றாம் முறை விழுந்தபின் எழவில்லை. அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். எனக்கோ, நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம், மகிழ்ச்சி. ஸ்பூலரின் ‘ரெகவரி’ பக்கத்தில் இருக்கும் இயல்பமைப்பு இதுதான்: முதல் தோல்விக்கும் இரண்டாம் தோல்விக்கும் சேவையை மறுபடி தொடங்கு, அதற்குப் பிறகு எதுவும் செய்யாதே. விண்டோஸ் தனக்குள் நடப்பவற்றைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 7031 என்ற எண்ணில் இரண்டு பதிவுகள், அதன் பின் 7034 என்ற எண்ணில் ஒன்று. சேவை தன் இயல்பின்படியேதான் விழுந்து எழுந்திருக்கிறது. திங்கட்கிழமை அந்தப் பையன் பார்த்த கோளாறும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் மூடிவைத்திருந்த பழைய நோய் வெளியே வந்துவிட்டது.

ஸ்பூல் என்றால் நூல் சுற்றும் கட்டை. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வேலையையும் ஸ்பூலர் முதலில் டிஸ்க்கில் சுற்றி வைத்துக்கொண்டுதான் பிரின்டருக்கு ஏற்ற வேகத்தில் கொடுக்கும். சிஸ்டம்32க்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற கோப்புறைதான் அந்தக் கட்டை. நூல் அறுந்துபோன வேலை ஒன்று அதில் தங்கிவிட்டால், ஸ்பூலர் எழும்போதெல்லாம் அதையே முதலில் கையில் எடுத்து, அதிலேயே இடறி விழுவது வழக்கம். கோப்புறையைத் திறந்தேன். அனுமதி கேட்டது, கொடுத்தேன். எல்லாக் கோப்புகளுக்கும் முன்னால், திங்கட்கிழமை மாலைத் தேதியுடன் ஒரு ஜோடி: அச்சிட வேண்டிய தரவைத் தாங்கிய எஸ்பிஎல் கோப்பும், அது யார் கொடுத்த வேலை, எந்தப் பிரின்டருக்கு என்ற விவரத்தைத் தாங்கிய எஸ்ஹெச்டி கோப்பும். எஸ்பிஎல் கோப்பின் அளவு ஒரு ஜிபியை நெருங்கியிருந்தது.

“திங்கக்கிழம என்ன அடிச்சீங்க?” என்றேன்.

அந்தப் பையன் யோசித்தான். அண்ணாச்சிதான் சொன்னார். “நம்ம ஊர் கோயில் கொடை நோட்டீஸ் தம்பி. அம்மன் படம் தெளிவா வரணும்னு பெருசா வச்சுத் தரச் சொன்னேன். பாதியில நின்னுபோச்சு, கரன்ட் ஸ்விட்ச்ச அணைச்சுப் போட்டேன்.”

‘நெட் ஸ்டாப் ஸ்பூலர்’ என்று நிறுத்தி, அந்தக் கோப்புறைக்குள் இருந்த கோப்புகளை மட்டும் அழித்து, மறுபடி தொடங்கினேன். கோப்புறையை அழித்துவிடக் கூடாது என்பதை அந்தப் பையனிடம் இரண்டு முறை சொன்னேன். ஆதார் நகல் வந்தது. வாசலில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்த அம்மாவின் மகளுடைய சாதிச் சான்றிதழ் வந்தது. ஸ்பூலர் விழவில்லை. கொடை நோட்டீஸில் இருந்த அம்மன் படத்தை அச்சுக்குப் போதுமான அளவுக்குச் சுருக்கி அதையும் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தோம். அம்மன் தெளிவாகவே இருந்தாள்.

கிளம்புவதற்கு முன், ரீஸ்டோர் வசதியைப் போட்டு ஒரு புள்ளியை உருவாக்கினேன். சேவைகளின் பெயரும் தொடக்க வகையும் கொண்ட பட்டியலை மறுபடி ஒரு கோப்பில் எழுதவைத்து, சாளரத்தில் தெரியாத ஹெச்டிடிபியைக் கடைசி வரியாக நானே தட்டி, தாமதித்துத் தொடங்குபவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இட்டு, மேலே தேதியையும் பதிப்பு எண்ணையும் எழுதி, அந்த லேசர் பிரின்டரிலேயே அச்சிட்டேன். ஐந்து பக்கம் வந்தது. பையன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேப்பர் ரீம் வைக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினான்.

அண்ணாச்சி உறையைத் தூக்கித் தாள்களை எண்ணிப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் அடிச்சிருந்தா மூணு தாள்ல முடிஞ்சிருக்குமே தம்பி.”